நன்னா கொண்டுபோன கரும்பு

புதுச்சேரி
பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை

அன்பு மகள் லமீஸுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் இறைவன் கிருபையால் நலம். என் முட்டிவலி மட்டும் போக மாட்டேன் என்கிறது, அதையும் வீட்டாளாகச் சேர்த்துக்கொண்டு நலம் என்றே எழுதுகிறேன். நீயும் மருமகன் முஆஸும் என் தங்கம் அனமும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்கு என்ன வந்தது, பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் அழுவேன், அனம் குறுக்கே வந்து பொம்மையைக் காட்டுவாள், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். நியாயமாக இது உன் அத்தா சொல்ல வேண்டிய விஷயம். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, கடைசியில் "நீயே சொல்லிடு ஜீனத்து, எனக்கு நாக்கு எழும்பல" என்று என் தலையில் கட்டிவிட்டார். எதிர்வீட்டு விக்ரம் லீவு முடிந்து பிரான்ஸுக்கு, உங்கள் லியோனுக்கே திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதமும் வடகமும் கறிமசாலாத் தூளும் கொடுத்தனுப்புகிறேன். வடகத்தை வெயிலில் ஒரு தடவை காயவைத்து எடு, வெயில் என்று ஒன்று அந்த ஊரில் இருந்தால்.

கசப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெட்டியார்பாளையத்து வீட்டை நாம் விற்கப்போவதில்லை. அதில் வரும் அத்தாவின் பங்கை நம்பித்தான் நீயும் முஆஸும் அங்கே வீடு வாங்குவதாகப் பேசிவைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று என்னிடமே கேட்டாயே. ஆனாலும் கடிதத்தை முழுதும் படித்துவிட்டு அதன் பிறகு கோபித்துக்கொள், நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன்.

அந்த வீட்டைப் பற்றி உன்னிடம் பாதிதான் சொன்னோம். அத்தாவைப் பெற்ற உன் நன்னா மௌத்தானபோது உன்னால் வர முடியவில்லை. அன்று மய்யத்தைத் தூக்கிக் கபர்ஸ்தானுக்குப் புறப்படும்போது எதிர்வீட்டு நிழலில் வயதான அம்மா ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் சுருட்டிய முந்தானை. வாயில் துணியை வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். நன்னாவின் கைலிக் கடைக்குப் பழைய வாடிக்கை போல என்று நினைத்தேன், தண்ணீர் கொடுக்கலாம் என்று சொம்போடு வந்தால் ஆளைக் காணோம். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து நன்னாவின் அலமாரியை ஒழித்தபோதுதான் வீட்டுவரி ரசீது அகப்பட்டது, கடைசி வரைக்கும் முனிசிபாலிட்டியைப் பிரெஞ்சுக்காரன் பாஷையில் "மேரி" என்றே சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் அந்த மேரிக்கு நமக்குத் தெரியாத ஒரு வீட்டுக்காக வருஷம் தவறாமல் வரி கட்டியிருக்கிறார். இந்த வரைக்கும் உனக்குத் தெரியும். அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதைத்தான் நாங்கள் மறைத்தோம்.

நானும் அத்தாவும் அவர் தம்பி, உன் ஸாகிப் சாச்சாவும் போய்ப் பார்த்தோம். விழுப்புரம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் தெரு, சின்ன ஓட்டு வீடு, முன்னால் முருங்கை மரம். கதவைத் திறந்தது அதே அம்மா. பெயர் செல்வாம்பாள், நன்னா வயதுதான் இருக்கும், தனியாக இருக்கிறாள், மகன் கோபிநாத் ஓசூரில் வேலை, சனிக்கிழமை தோறும் வந்து போகிறானாம். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் பாய் விரித்து, மோர் கொடுத்து, நின்றுகொண்டே இருந்தாள். சுவரில் ஒரு பழைய போட்டோ. நம் நன்னாதான், இளவயசு, தலையில் கறுப்புத் தொப்பி, மடியில் ஒரு ஆண் குழந்தை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருக்கிறது, குழந்தை வாய் பிளந்து அழுகிறது, நன்னா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். யாரம்மா இந்தப் பிள்ளை என்று உன் அத்தா கேட்டார். "எம் புள்ள கோபிதாங்க" என்றாள். எங்க அத்தாவுக்கும் உங்களுக்கும் என்ன பழக்கம் என்று சாச்சா கொஞ்சம் கடுமையாகவே கேட்டான். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "அவரே சொல்லாம போனத நான் சொன்னா நல்லாவா இருக்கும். வூட்ட காலி பண்ணணும்னா பண்ணிட்றேன் தம்பி, அது உங்க பொருளு" என்றாள். மோர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சாச்சா குமுறித் தள்ளிவிட்டான். புரியலையா உங்களுக்கு, அது அத்தாவோட பிள்ளை, மூக்கைப் பாருங்க, நம்ம மூக்கு என்றான். அழுகிற குழந்தைக்கு எல்லாம் ஒரே மூக்குதான் என்று நான் சொன்னேன், என் பேச்சு எடுபடவில்லை. ஊருக்குத் தெரிவதற்குள் வீட்டை விற்று, அந்த அம்மாவுக்கு ஏதாவது கொடுத்து, விஷயத்தை மூடிவிட வேண்டும், வாங்க ஆளும் தயாராக இருக்கிறான் என்றான். அவனைத் தப்பாக நினைக்காதே, அவனும் தன் அத்தா பேர் கெட்டுவிடக் கூடாதே என்றுதான் துடித்தான். ஆனால் உன் அத்தாவை நீ பார்த்திருக்க வேண்டும். தன் அத்தா கையைப் பிடித்துக்கொண்டு தொழுகைக்குப் போய் வளர்ந்தவர், இன்றைக்கும் கல்லாவில் கை வைத்தால் அத்தா பார்க்கிறார் என்று பயப்படுகிறவர். அவர் நன்னாவின் போட்டோவைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். சோற்றைப் பிசைவார், எழுந்துவிடுவார். என் அம்மாவுக்குத் துரோகம் செய்தவருக்கா நான் துஆ செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். அந்த நாட்களில்தான் நீ போன் செய்து "அத்தா ஏன் இளைச்சுட்டாரு" என்று கேட்டாய், சர்க்கரை கூடியிருக்கிறது என்று நான் பொய் சொன்னேன்.

இதில் விடிவு உன் பள்ளிக்கூடத் தோழி சரிதா வழியாக வந்தது என்றால் நம்புவாயா? மார்கழிக் கடைசியில் பத்திரிகை கொடுக்க வந்தாள், அவள் மகனுக்குக் காதுகுத்து. நீயும் வர வேண்டும் என்று பத்திரிகையில் உன் பெயரையும் எழுதியிருந்தாள். பிள்ளைக்கு வயசு கூடிவிட்டதே, ஏன் இவ்வளவு தாமதம் என்று சும்மா கேட்டேன். "எங்க அண்ணன் மலேசியாவுலேர்ந்து வரணுமே ஆன்ட்டி, அவரு வராம எப்பிடி குத்தறது" என்றாள். அப்பாதான் இருக்கிறாரே, அவர் மடியில் வைத்துக் குத்தினால் ஆகாதா என்றேன். சரிதா சிரித்துவிட்டாள். "அவரு ஓரமா நின்னு வேடிக்கை பாக்க வேண்டியதுதான். மொட்டை போட்டு சந்தனம் பூசி தாய்மாமன் மடியிலதான் உக்கார வைப்பாங்க. அம்மாவோட கூடப் பொறந்தவருக்கு உள்ள உரிமை அது, அத வேற யாரும் தொட முடியாது" என்றாள். நான் ஊற்றிக்கொண்டிருந்த டீ டம்ளர் நிரம்பி, சாஸரும் நிரம்பி, அவள் பத்திரிகை மேலேயே வழிந்துவிட்டது.

அவள் போன பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மொட்டைத் தலை, சந்தனம், அழுகை, மடி. நாங்கள் தகப்பனைப் பார்த்த இடத்தில் அவர்கள் ஆட்கள் யார் பார்த்தாலும் தாய்மாமனைப் பார்த்திருப்பார்கள். அப்படியென்றால் செல்வாம்பாளுக்கு நன்னா அண்ணன். சரி, தொப்பி போட்டவர் திருநீறு பூசுகிறவளுக்கு எப்படிக் கூடப் பிறந்தவர் ஆவார்? அதற்கு விடை அவர்கள் பக்கம் இல்லை, நம் பக்கம் இருந்தது. நீ கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தபோது எனக்கு முதலில் பால் சுரக்கவில்லை. நீ போட்ட கூப்பாட்டில் வார்டே எழுந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் திண்டிவனம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த அஞ்சலாட்சி என்கிற பெண், கொடுங்கக்கா என்று உன்னை வாங்கித் தன் பிள்ளையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இதைக் கேள்விப்பட்ட நன்னா அவள் பேர், ஊர், புருஷன் பேர் எல்லாம் விசாரித்துவிட்டு வந்து என்னைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். "பால் குடுத்தவ தாயி, அவ புள்ளைங்க இவளுக்குக் கூடப் பொறந்ததுங்க, மறந்துடாத" என்றார். நம் மார்க்கச் சட்டம்தானே, தெரிந்ததுதானே, இதற்கு ஏன் இவர் கண்ணெல்லாம் கலங்குகிறது என்று அன்றைக்கு நினைத்தேன். வாதம் வந்து நாக்குக் குழறிய கடைசி நாட்களிலும் அதே "மறந்துடாத" தான், அத்தா கையைப் பிடித்துக்கொண்டு. தொழுகையைச் சொல்கிறார் என்று உன் அத்தா நினைத்துக்கொண்டார்.

அதோடு கரும்பும் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் நன்னா சைக்கிளில் கரும்பும் மஞ்சள் கொத்தும் கட்டிக்கொண்டு போவாரே, கடையில் கணக்குப்பிள்ளைக்கு என்பார், வசூலுக்குப் போகிற இடத்தில் கொடுக்க என்பார். ஒரு வருஷம் நீ அந்தக் கரும்பில் ஒரு துண்டு வேண்டும் என்று தெருவில் புரண்டு அழுதாய். கேட்டதை எல்லாம் வாங்கிக் கொடுக்கிற மனுஷன் அதை மட்டும் ஒடித்துத் தரவில்லை, வேறு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று இப்போது புரிந்தது. பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் வரிசை போகும்போது அதை வழியில் ஒடிக்க மாட்டார்கள்.

உன் அத்தாவிடம் சொல்லவில்லை, தப்பாகப் போனால் இன்னும் நொறுங்கிவிடுவார். நான் மட்டும் ஆட்டோ பிடித்துப் போனேன். செல்வாம்பாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கீரைதான் உருவினோம். அப்புறம், எங்க மாமனார் குடிச்சது உங்க அம்மா பால்தானே என்று கேட்டேன். அவள் கை நின்றுவிட்டது. "நான் சொல்லல. யாரு கேட்டாலும் நான் சொல்லலன்னு நீதாம்மா சாட்சி" என்றாள். அதன் பிறகு அழுதாள் பார், அன்றைக்கு எதிர்வீட்டு நிழலில் விழுங்கிக்கொண்டதையும் சேர்த்து அழுதாள்.

நடந்தது இதுதான். நன்னாவைப் பெற்றவளுக்குப் பிரசவம் ஆனதும் சித்தம் கலங்கிவிட்டதாம். பிள்ளையைக் கொண்டுவந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம், தொடவே மாட்டாளாம். வில்லியனூர்ப் பக்கம் கிராமத்திலிருந்து தன் நிலத்துக் காய்களைக் கூடையில் கொண்டுவந்து கொடுக்கும் ஒருத்தி, நன்னாவை விடச் சில வாரம் இளைய கைக்குழந்தை செல்வாம்பாளோடு வந்தவள், பிள்ளை கதறுவது பொறுக்காமல் தூக்கிப் பால் கொடுத்திருக்கிறாள். பிறகு தன் வீட்டுக்கே கொண்டுபோய், தாய் தெளிந்து வரும் வரைக்கும் வைத்திருந்திருக்கிறாள். இவள் ஒரு பக்கம், நன்னா ஒரு பக்கமாம். தெளிந்து வந்த தாய், தான் பெற்ற பிள்ளையைத் தொடாமல் இருந்தது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று கெஞ்சியிருக்கிறாள். சாகப்போகும் நேரத்தில் தன் மகனிடம் மட்டும் சொல்லி, அவர்களைக் கைவிட்டுவிடாதே, என்னையும் காட்டிக் கொடுத்துவிடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நன்னா இரண்டையும் காப்பாற்றினார். செல்வாம்பாளின் புருஷன் நிலத்தைச் சாராயக் கடையிலேயே கரைத்துவிட்டான். அவன் கையில் சிக்காமல் இருக்கத்தான் இந்த வீட்டைத் தன் பெயரிலேயே வாங்கி அவளைக் குடிவைத்தாராம். "அவன் போனப்பவும் பொறந்த வூட்டுக் கோடிச் சேலை அண்ணந்தான் கொண்டாந்து போட்டாரு, எந்தக் கூடப் பொறந்தவனும் அப்பிடிச் செய்ய மாட்டான்" என்றாள்.

லமீஸ், அனம் பிறந்த பிறகு நீ பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. பிள்ளையைப் பார்த்தாலே அழுகை வருதும்மா என்று என்னிடம் சொன்னாய், முஆஸிடம் சொன்னாய், டாக்டரிடம் போனாய், சரியாகிவிட்டது. உன் நன்னாவின் தாய்க்கு அப்படிச் சொல்ல ஒருத்தரும் இல்லை. கூடை தூக்கி வந்த ஒருத்திதான் இருந்தாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதனால்தான் அவள் மகன் மூடிவைத்ததை நான் உனக்குத் திறந்து எழுதுகிறேன், அல்லாஹ் என்னை மன்னிப்பான்.

அத்தாவிடமும் சாச்சாவிடமும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னேன். உன் அத்தா எழுந்துபோய் ஒளு செய்து தொழுதார். வெகுநேரம் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவிலேயே கிடந்தார். பிறகு பீரோவிலிருந்து நன்னா போட்டோவை எடுத்து, தன் கைலியாலேயே துடைத்து, பழைய ஆணியில் மாட்டிவிட்டு, சோறு போடு என்றார். சாச்சா மட்டும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தான். பால் உறவுக்குக் கல்யாணம் விலக்கு, சொத்தில் பங்கு கிடையாது என்று ஹஜ்ரத் சொன்னாராம். அது சரிதான், சட்டம் அப்படித்தான். உன் அத்தா, அவளுக்குப் பங்கு வேண்டாம், என் பங்கை என்ன செய்வது என்று நான்தானே சொல்ல வேண்டும் என்றார். கைலிக் கடையை நீ முழுதாக எடுத்துக்கொள், ரெட்டியார்பாளையம் எனக்கு இருக்கட்டும் என்று தம்பியிடம் சொன்னார். கடைக்குத்தான் மதிப்பு அதிகம், இருந்தும் சாச்சா சந்தோஷப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அந்தம்மா ஒத்தையில சாப்பாட்டுக்கு இன்னா பண்றாங்க அண்ணே" என்று கேட்டான். அப்போதே அவன் மேல் இருந்த கோபம் எல்லாம் எனக்குப் போய்விட்டது.

ஆக, செல்வாம்பாள் தன் காலம் முழுக்க அங்கேயே இருப்பாள். உனக்கு வர வேண்டியது நின்றுபோனது. அத்தா உன்னிடம் கேட்காமல் முடிவு செய்துவிட்டாரே என்று உனக்கு வருத்தம் வந்தால் அது நியாயம்தான். முஆஸிடம் பக்குவமாக எடுத்துச் சொல். வாடகை வீட்டு ஜன்னலுக்கும் திரை போடலாம், துணி நான் அனுப்புகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. அண்ணன் போய்விட்டால் வரிசையை அண்ணன் மகன் கொண்டுபோக வேண்டுமாம், சரிதாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். போகியன்று அத்தா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு ஜோடிக் கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம் வாங்கினார். சேலை சாச்சா கொடுத்தது, அவனே தேடி எடுத்தான். ஸ்கூட்டரில் அத்தா முன்னால், புர்காவோடு நான் பின்னால், என் கையில் இரண்டு ஆள் உயரக் கரும்பு. சிக்னலில் நின்றால் இந்தப் பக்கம் ஒருத்தர் தலையில் தட்டுகிறது, அந்தப் பக்கம் பஸ் ஜன்னலில் இடிக்கிறது. ஊரே எங்களைத்தான் பார்த்தது. ஒடிந்தால் தொலைத்துவிடுவேன் என்று அத்தா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தெருவில் வண்டி நின்ற சத்தம் கேட்டு செல்வாம்பாள் வெளியே வந்தாள். இந்த வருஷம் யார் வரப்போகிறார்கள் என்று வாசலைக்கூட மெழுகாமல் வைத்திருந்தாள். அத்தா கரும்பை வாங்கி அவள் முன்னால் சாய்த்து வைத்து, "அத்தை, வரிசை கொண்டாந்திருக்கேன்" என்றார். அவள் எங்களைப் பார்த்தாள், கரும்பைப் பார்த்தாள். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்துத் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "எங்க பொறந்த வூட்லேருந்து வந்திருக்காங்க" என்றாள். இத்தனை காலத்தில் அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. உள்ளே போனதும் கரும்பை வெட்டி, கரும்புக்கு அழுத பொண்ணு எங்கே இருக்கிறாள் என்று என்னைக் கேட்டாள். நன்னா அன்றைக்கே அவளிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். உனக்கு என்று அடிக்கரும்பில் ஒரு துண்டு தனியாக எடுத்துத் தந்தாள். விக்ரம் கையில் கொடுத்தனுப்பினால் ஏர்போர்ட்டில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்றான், அதனால் உன்னை நினைத்துக்கொண்டு நானே தின்றுவிட்டேன், நல்ல இனிப்பு.

உங்கள் மூவருக்கும் உடல் சுகத்தையும் மனநிறைவையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் ரப்பு தாராளமாகத் தரட்டும், உங்களுக்கென்று ஒரு வீட்டையும் அவனே சீக்கிரம் அமைத்துத் தரட்டும். அனமுக்குத் தலையில் எண்ணெய் வை, வெறும் காலோடு தரையில் விடாதே. மறக்காமல் ஒரு காரியம் செய், இந்தத் தாளின் பின்பக்கம் செல்வாம்பாளின் போன் நம்பர் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, பாட்டியை அழைக்கிற மாதிரி ஆயா என்று சொல், உன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, கரும்புக்கு அழுதவள் என்றால் போதும், தெரிந்துகொள்வாள்.

உன் அத்தா அப்துல் முத்தலிபின் சலாத்தோடு,
அன்பு அம்மா
ஜீனத்துன்னிசா